நீலப் பம்மும் மண்ணிறப் பம்மும்: தொய்வு வருத்தத்தில் வெண்குழியங்களின் பயணம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கோ, ஆனால் எல்லாருக்கும் விளங்க வேணும்" என்று செயலாளர் கேட்டிருந்தார். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவபீடம் போனவர்கள் மூன்று பேர். ஒருவர் இங்கே யாழ்ப்பாணத்தில், ஒருவர் லண்டனில், ஒருவர் மெல்பேர்ணில். மூவரும் தொலைபேசியில் கதைத்துத் தெரிந்தெடுத்த விடயம் இது. ஆகவே இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றுதான் வரும். பேசுகிற வாய் ஒன்று, சொல்லுகிறவர்கள் மூன்று பேர்.

எங்களோடு படித்த ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லவில்லை, எங்கள் வகுப்பினருக்குத் தெரியும். கொழும்புத்துறைப் பிள்ளை. நன்றாகப் பாடுவாள், நெற்போலில் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தொய்வு. சோளகம் கிளப்பும் புழுதியிலும் மார்கழிப் பனியிலும் அவளுக்கு முட்டு வரும்.

1995 ஒக்டோபர் 30 இரவை இங்கிருக்கும் அரைவாசிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். மழையில், இருட்டில், செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடி அடியாக நகர்ந்தது. நாங்கள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். அவள் எங்களுக்குப் பக்கத்தில் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, வசனம் முடிக்க மூச்சில்லாமல் நடந்தாள். கையில் ஒரு பம்கூட இருக்கவில்லை. அந்த நாட்களில் மருந்துக்கு இருந்த தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். அந்த இரவை அவள் தப்பிவிட்டாள். கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் விடியும்போது, "இனி எனக்கு ஒண்டும் வராது" என்று சிரித்தாள்.

எட்டு வருடத்தின் பின், 2003 இல், மருந்து தாராளமாகக் கிடைத்த காலத்தில், தன் சொந்த வீட்டில், கையில் நீலப் பம்முடன் அவள் இறந்தாள். வயது 24. வைத்தியசாலை வாசலுக்குக் கொண்டு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அப்போது நாங்கள் மருத்துவபீட மாணவிகள். தொய்வில் சுவாசக்குழாய்க்குள் வெண்குழியங்கள் எப்படி வருகின்றன என்ற கேள்விக்கு அதற்குச் சில கிழமைகளுக்கு முன்தான் இரண்டு பக்கம் விடை எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தோம். அவளைச் சந்திக்கும்போதெல்லாம் அவள் பம் அடிப்பதைக் கண்டோம். "மாதம் எத்தனை பம் முடியுது?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. எழுதிய விடைக்கும் எங்கள் சிநேகிதிக்கும் தொடர்பு இருக்கிறதென்று எங்களுக்குத் தோன்றவில்லை. அன்று கடதாசியில் எழுதியதை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

தமிழில் சொல்வதற்குத் தயங்கத் தேவையில்லை. 1847 இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணிலிருந்து வந்த நாங்கள் எங்கள் சொந்த ஊராருக்கு ஒரு வருத்தத்தைத் தமிழில் விளங்கப்படுத்த முடியாமல் நிற்கக்கூடாது.

முதலில், தொய்வு என்றால் என்ன? சுவாசக்குழாய் சுருங்குகிறது, அதனால் மூச்சு முட்டுகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் குழாயின் சுவர் மாதக்கணக்காக, வருடக்கணக்காக அழற்சியில் இருக்கிறது என்பது. முட்டு இல்லாத நாளிலும் சுவர் சிவந்து, வீங்கி, சளி சுரந்தபடி இருக்கும். அந்த அழற்சியைச் செய்பவை வெளியிலிருந்து வந்த கிருமிகள் அல்ல. எங்கள் சொந்த வெண்குழியங்கள்.

குருதியின் ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள் உண்டு. அவற்றில் ஒரு சிறு பகுதி இயோசினோபில்கள். பொதுவாக 500 இற்குக் குறைவு. உயர்தரத்தில் உயிரியல் படித்த தங்கைமார் "இயோசின் நாடி" என்று படித்திருப்பீர்கள். 1879 இல் ஜேர்மனியில் போல் ஏர்லிக் என்பவர் இயோசின் என்ற செந்நிறச் சாயத்தைக் குருதியில் இட்டுப் பார்த்தபோது சில குழியங்களின் உள்ளே இருந்த மணிகள் பளிச்சென்று சிவந்தன. அதனால் வந்த பெயர் அது. அந்த மணிகளுக்குள் இருப்பவை நச்சுப் புரதங்கள். புழுக்கள் போன்ற பெரிய எதிரிகளைத் தாக்க இயற்கை கொடுத்த ஆயுதம். தொய்வில் அந்த ஆயுதம் எங்கள் சுவாசக்குழாயின் மீது திரும்புகிறது.

குருதிக்குள் ஓடுகிற ஒரு குழியம் எப்படிச் சுவாசக்குழாயின் சுவருக்கு வருகிறது? குருதிக்குழாயில் ஓட்டை எதுவும் இல்லையே? 1867 இல் ஜூலியஸ் கோன்ஹைம் என்ற ஜேர்மன் ஆய்வாளர் உயிருள்ள தவளையின் மெல்லிய இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து மணிக்கணக்காகப் பார்த்தார். அழற்சி உண்டான இடத்தில் வெண்குழியங்கள் குழாயின் ஓரத்தில் ஒதுங்கி, ஒட்டி, பிறகு சுவரை ஊடுருவி வெளியே போவதைக் கண்டார். ஆனால் ஏன் அந்த இடத்தில், ஏன் அந்தக் குழியம் என்பது விளங்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

நல்லூர்த் தேர்த்திருவிழாவை நினையுங்கோ. சனத்தின் நடுவில் அகப்பட்டவர் நினைத்த இடத்தில் கடலைக்கடைக்குத் திரும்ப முடியாது. முதலில் ஓரத்துக்கு வரவேண்டும். வேகத்தைக் குறைக்கவேண்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்து நிற்கவேண்டும். அதன் பிறகுதான் இடைவெளி பார்த்து வெளியே போகலாம். வெண்குழியமும் இதே ஒழுங்கில்தான் போகிறது.

தொடக்கம் சுவாசக்குழாயில். எங்கள் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. அவற்றின் கழிவு மூச்சோடு உள்ளே போகிறது. ஒவ்வாமை உள்ளவரின் சுவாசக்குழாயில் மாஸ்ற் குழியங்கள் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரியைத் தம் மேற்பரப்பில் பூட்டிக் காத்திருக்கின்றன. தூசி பட்டதும் நிமிடங்களில் அவை ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இது முதற்கட்டம். இதற்குத்தான் நீலப் பம்.

அதே நேரத்தில் நிணநீர்க்குழியங்களும் சுவரின் மேலணிக் குழியங்களும் வேறு செய்திகளை அனுப்புகின்றன. இன்டர்லியூகின்-5 என்ற செய்தி குருதி வழியே என்பு மச்சைக்குப் போய், "இயோசினோபில்களைக் கூட்டி அனுப்பு" என்கிறது. இன்னொரு செய்தி சுவாசக்குழாயின் நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவருக்குப் போகிறது. அந்தச் சுவர் செலெக்டின், வீகாம்-1 போன்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகிறது. ஓடிவரும் இயோசினோபில் அவற்றில் தட்டுப்பட்டு வேகம் குறைகிறது. சுவரோடு சுவராக உருளுகிறது. பிறகு தன் மேற்பரப்பிலுள்ள இன்டெகிரின் என்ற கொழுவியால் இறுகப் பிடித்து நிற்கிறது.

எந்தப் பக்கம் வெளியேறுவது என்று சொல்வது இயோடாக்சின் என்ற பொருள். 1994 இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒவ்வாமை உண்டாக்கிய கினிப்பன்றிகளின் சுவாசப்பையைக் கழுவிய நீரிலிருந்து அதைக் கண்டெடுத்தார்கள். அடுப்படியில் பொரிக்கிற மணம் வந்த பக்கம் பிள்ளைகள் போவதுபோல், இயோடாக்சின் கூடிய பக்கத்துக்கு இயோசினோபில் போகிறது. இரண்டு குழியங்களுக்கு இடையிலான விளிம்பில் தன்னை மெல்லியதாக நீட்டி நுழைந்து வெளியேறுகிறது. சுவருக்குள் வந்ததும் மணிகளை உடைக்கிறது. மேலணி உரிகிறது, சுவர் வீங்குகிறது, பிசினான சளி குழாயை அடைக்கிறது.

இந்தப் பயணத்துக்கு நேரம் எடுக்கும். தூசி பட்ட சில நிமிடங்களில் வரும் முட்டு தணிந்தபின், மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து இரண்டாவது தடவை முட்டுத் தொடங்கி, பல மணித்தியாலம் நிற்கலாம். பின்னேரம் ஆறு மணிக்கு அறை கூட்டி மெத்தை தட்டின பிள்ளைக்கு நடுச்சாமத்தில் முட்டு வருவதற்கு இது ஒரு காரணம். "இரவு சாப்பிட்ட தயிர்தான்" என்று நாங்கள் தயிரைக் குற்றம் சொல்லுவோம். நீலப் பம் இறுகிய தசையைத் தளர்த்தும். வந்து குவிந்த வெண்குழியங்களை அது தொடாது. இதுதான் எங்கள் சிநேகிதிக்கு யாரும் சொல்லாத விடயம்.

எங்கள் பக்கத்து நாட்டில் நடந்த ஒரு கதையை இங்கே சொல்லவேண்டும். 1940 இல் ஆந்திராவின் மதனப்பள்ளி காசநோய் ஆரோக்கிய நிலையத்திலிருந்து பிறிமொட் மொல்லர், பார்ட்டன் என்ற இருவர் ஒரு விசித்திரமான நோயை எழுதினார்கள். இரவு இருமல், தொய்வைப் போன்ற முட்டு, படத்தில் காசநோய் போன்ற தோற்றம். ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. குருதியில் இயோசினோபில் மட்டும் மலைபோல் கூடியிருந்தது. 1943 இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு "வெப்பவலய இயோசினோபீலியா" என்று பெயர் வைத்தார். பலவகைக் காரணங்கள் ஊகிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பணியாற்றிய தனராஜ் என்ற மருத்துவர் 1958 இல், யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டையெதில்காபமசீன் மருந்து இந்த நோயாளரையும் சுகப்படுத்துவதை எழுதினார். 1960 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜோப், கோல்ட் ஆகிய மூவர், இப்படிப்பட்ட நோயாளரின் சுவாசப்பையிலும் ஈரலிலும் நிணநீர்க்கணுவிலும் பைலேரியாப் புழுவின் குஞ்சுகளைக் கண்டுபிடித்தார்கள். நுளம்பு கொண்டுவந்த புழுவைத் தேடித்தான் அத்தனை இயோசினோபில்களும் சுவாசப்பைக்குப் போயிருந்தன.

அதே வெண்குழியம், அதே பாதை. அழைத்தவர் மட்டும் வேறு. தொய்வில் தூசி அழைக்கிறது, அங்கே புழு அழைத்தது. இலங்கையின் மேல், தென், வடமேல் கரையோரங்களில் நெடுங்காலம் இருந்த யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. ஆனால் எங்கள் மக்கள் உலகெங்கும் பயணம் செய்கிறார்கள். மருந்துக்கு மசியாத தொய்வென்றால் குருதியில் இயோசினோபில் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் பிழையில்லை.

அந்த எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்டர்லியூகின்-5 இனைத் தடுக்கும் மெபொலிசுமாப் என்ற ஊசியை 2000 ஆம் ஆண்டளவில் தொய்வுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குருதியில் இயோசினோபில் குறைந்தது, ஆனால் நோயாளருக்கு எதிர்பார்த்த நன்மை இல்லை. பலர் அந்த வழியையே கைவிடலாம் என்று நினைத்தார்கள். 2009 இல் இரண்டு சிறிய ஆய்வுகள், இயோசினோபில் தொடர்ந்து கூடியிருக்கும் கடுமையான நோயாளரை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுத்தன. அவர்களுக்குக் கடும் முட்டுகள் தெளிவாகக் குறைந்தன. 2015 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாத் தொய்வும் ஒன்றல்ல என்பதே பாடம். சிலருக்கு இயோசினோபில் அல்லாமல் நியூத்திரோபில் என்ற வேறு வெண்குழியம் கூடியிருக்கும். புகைப்பவர்களில் இது கூடுதல். ஸ்டீரொயிட் அவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்யும்.

இந்த ஊசி விலை கூடியது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் போதுமான மருந்து 1972 இலேயே வந்துவிட்டது. அதுதான் மண்ணிறப் பம், பெக்லோமெதசோன். அது அழைப்புச் செய்திகளை அடக்குகிறது, ஒட்டும் புரதங்களைக் குறைக்கிறது, வந்த இயோசினோபில்களைச் சாகவைக்கிறது. ஆனால் அடித்த உடனே சுகம் தெரியாது. நாட்கள், கிழமைகள் எடுக்கும். அதனால்தான் சனத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எங்கள் சிநேகிதியின் செத்தவீட்டில் தாயார் எங்களிடம் சொன்னது: "பிள்ளையள், அந்த மண்ணிறப் பம்மும் தந்தவைதான். பழகிப்போயிடும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கலியாணம் பேசிற நேரம், பிள்ளை ஸ்டீரொயிட் பாவிக்குது எண்டு வெளியில தெரிஞ்சால் என்ன செய்யிறது எண்டு நான்தான் நிப்பாட்டினனான்."

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். தெரிந்த நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே இன்று தெளிவாகச் சொல்கிறோம். மண்ணிறப் பம் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தல்ல. பலருக்கு ஒருநாளுக்குத் தேவைப்படுவது 200 முதல் 400 மைக்ரோகிராம். கடும் முட்டுக்கு வாயால் கொடுக்கும் பிரெட்னிசலோன் ஒருநாளுக்கு 40 மில்லிகிராம் வரை, அதாவது 40,000 மைக்ரோகிராம். எடையை மட்டும் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். பம்மில் வருவது போகவேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து பம்மை நிறுத்துகிறவர்தான் கடைசியில் கூடுதலான ஸ்டீரொயிட்டை வில்லையாக விழுங்குகிறார்.

நீலப் பம் ஒன்றில் 200 தடவை அடிக்கலாம். வருடத்தில் மூன்று பம்முக்கு மேல் முடிந்தால் கடும் முட்டு வரும் ஆபத்துக் கூடுகிறது. மாதம் ஒன்று முடிந்தால் உயிராபத்துக் கூடுகிறது. தொய்வுக்கான உலகளாவிய வழிகாட்டி 2019 இலிருந்து, வளர்ந்தவர்களுக்கும் இளம்பிராயத்தினருக்கும் நீலப் பம்மை மட்டும் தனியாகப் பாவிக்கவேண்டாம் என்று சொல்கிறது. இன்று இரண்டு மருந்தும் சேர்ந்த பம்களும் உண்டு. எது பொருத்தம் என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கோ; நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

பம்மை நேரே வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும். இடையில் ஸ்பேசர் என்ற குடுவை வைத்தால் மருந்து உள்ளே போகும். அதை வாங்க வசதி இல்லையென்றால், அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம் இறுகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டுப் பாவிக்கலாம். முட்டு வந்த பிள்ளைகளுக்கு அது நன்றாக வேலை செய்வதை 1999 இல் தென்னாபிரிக்க வைத்தியர்கள் காட்டினார்கள். மண்ணிறப் பம் அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். கர்ப்பிணிகள் பம்மை நிறுத்தக்கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். நுளம்புத்திரி, சாம்பிராணி, குப்பை கொளுத்தும் புகை, விறகடுப்பு ஆகியவை தொய்வுள்ளவர் இருக்கும் வீட்டில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வசனம் முடிக்க முடியாத முட்டு, நீலம் அடித்தும் குறையாத முட்டு, உதடு நீலம்பாரித்தல் என்றால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலை.

வெளிநாட்டிலிருந்து வந்த அக்காமாருக்கு ஒரு வார்த்தை. 2016 நவம்பர் 21 பின்னேரம் மெல்பேர்ணில் இடிமழையோடு புல் மகரந்தம் நொருங்கிக் காற்றில் பரவி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் முன்பு தொய்வே இல்லாத, வசந்தகாலத்தில் தும்மல் மட்டும் உள்ளவர்கள் பலர். ஆசிய நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். "ஊரில் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை" என்பது பாதுகாப்பல்ல. புதிய நாட்டின் புல்லையும் எங்கள் வெண்குழியங்கள் சில வருடத்தில் அடையாளம் கண்டுகொள்கின்றன.

கடைசியாக, நூற்றாண்டு காணும் எங்கள் பாடசாலைக்கு எங்கள் வகுப்பின் சார்பில் மூன்று வேண்டுகோள்கள். தொய்வுள்ள பிள்ளை தன் பம்மைப் புத்தகப்பையில் வெட்கமில்லாமல் வைத்திருக்கட்டும். முதலுதவி அறையில் ஒரு நீலப் பம்மும் ஸ்பேசரும் இருக்கட்டும். அவற்றையும் ஆசிரியைகளுக்கான பயிற்சியையும் எங்கள் வகுப்பு ஒவ்வொரு வருடமும் பொறுப்பேற்கும். மூன்றாவது, மருந்து ஒழுங்காகப் பாவித்தால் அந்தப் பிள்ளையையும் நெற்போலுக்கு இறக்குங்கோ. எங்கள் சிநேகிதி ஐந்து வருடம் ஓரத்தில் இருந்து எங்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கோ. உங்கள் மகள், மருமகள், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரிடமாவது நீலப் பம்மைக் கண்டால், "மாதம் எத்தனை முடியுது? மண்ணிறம் அடிக்கிறனியோ?" என்று கேளுங்கோ. நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.